மக்கள்தொகை பிரமிடைப் படிப்பது எப்படி?

ஒரு நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் என் புவியியல் மாணவர்களிடம் முதலில் சொல்வேன். எந்த வயதில் எத்தனை பேர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐநா மக்கள்தொகைப் பிரிவின் தளத்தில் எல்லா நாடுகளின் பிரமிடும் இலவசமாகக் கிடைக்கும். கீழே குழந்தைகள், மேலே முதியவர்கள் என வயது வாரியாக அடுக்கிய பட்டைகள். வழக்கமாக இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள்.

அடிப்பட்டையிலிருந்து தொடங்குங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் அது மிக அகலம். மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ஜப்பானில் அடி குறுகி, நடுவயது (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 50-ஐ நெருங்கிவிட்டது.

அடுத்து, பள்ளங்களையும் புடைப்புகளையும் தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இதற்கு ஒற்றை வயதுப் பட்டைகள் உள்ள படம் வேண்டும். ஐந்தாண்டுத் தொகுப்பில் இவை கரைந்துவிடும். பழைய சோதிட நாள்காட்டிப்படி 1966 ஜப்பானில் 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் பிறப்புகள் ஒரே ஆண்டில் கால்பங்கு சரிந்தன. அதே ஆண்டு ருமேனியா கருக்கலைப்பைத் தடைசெய்தது. மறு ஆண்டில் பிறப்புகள் ஏறக்குறைய இரட்டித்தன. அந்தப் பள்ளமும் புடைப்பும் ஆண்டுக்கு ஒரு வயதாக மேலேறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் பள்ளிகளில் தெரிந்தவை, பிறகு வேலைச் சந்தையில் தெரிந்தன. அடுத்து ஓய்வூதியக் கணக்கில் தெரியும்.

ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்ற விகிதத்தை, வயதைப் பார்க்காமல் இரு நாடுகளுக்கிடையே ஒப்பிடவே வேண்டாம். ஜப்பானில் சராசரி ஆயுள் சுமார் 84 ஆண்டுகள். ஆனாலும் இந்த விகிதம் நைஜரைவிட அங்கேதான் அதிகம். முதியவர்கள் நிறைந்திருப்பதுதான் காரணம், மருத்துவம் மோசம் என்பதல்ல.

பிறப்பு குறைந்த உடனே மக்கள்தொகையும் குறையும் என்று எண்ண வேண்டாம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை என்பது பதிலீட்டு நிலை, அதாவது ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை சரியாக நிரப்பும் அளவு. சீனா 1990-களின் தொடக்கத்திலேயே அதற்குக் கீழே போய்விட்டது. மொத்தத் தொகை குறையத் தொடங்கியதோ 2022-இல். இடைப்பட்ட காலமெல்லாம், முன்பே பிறந்து வளர்ந்த பெருந்தலைமுறை தாய்மை வயதில் இருந்தது.

உழைக்கும் வயதினர் நூறு பேருக்கு எத்தனை குழந்தைகளும் முதியோரும் என்பதே சார்பு விகிதம். அதைக் கணக்கிட, 15-க்குக் கீழும் 65-லும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கூட்டி, 15–64 வயதினரால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். வந்த விடையைக் குழந்தைகள், முதியோர் என்று பிரித்து எழுதுவது அவசியம். ஒன்று வகுப்பறை கேட்கிறது, மற்றது பராமரிப்பு கேட்கிறது. முதியோர் பங்கைச் 'சுமை' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. பேரக்குழந்தைகளை வளர்ப்பவர்களும் இன்னும் உழைப்பவர்களும் அதற்குள் இருக்கிறார்கள்.

கடைசியாக, அதே நாட்டின் 20 ஆண்டு முந்தைய பிரமிடைப் பக்கத்தில் வையுங்கள். அதில் 10–14-இல் இருந்தவர்கள் இப்போது 30–34-இல் இருப்பார்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் வெளியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். கத்தாரில் முக்கியமாக ஆண்கள் பக்கம் அப்படிப் புடைத்து நிற்கும். வெகுவாகக் குறைந்திருந்தால் வெளியேற்றமா, போரா, நோயா என்று அந்த நாட்டின் வரலாற்றில் தேடுங்கள்.