இண்டெக்ஸ் போட்டாச்சு, அப்புறம் ஏன் மெதுவாக இருக்கிறது? நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு சமூக மன்ற அறையில், புதிதாக நிரல் எழுத வந்த தம்பி தங்கைகளோடு உட்காருகிறேன். போன வாரம் ஒரு தம்பியின் திரையில் ஓடிக்கொண்டிருந்த குவெரியை (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையை) பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில்.

இண்டெக்ஸ் என்ற ஒரு சொல் கணினியில் பல வேலை பார்க்கிறது. டேட்டாபேஸில் அது வேகமாகத் தேடுவதற்காக அடுக்கி வைத்த பட்டியல். கூகுளுக்கு அது தான் படித்து வைத்த பக்கங்களின் கிடங்கு. வெப் சர்வருக்கு ஒரு ஃபோல்டரின் முகப்புப் பக்கம், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் எது மேலே எது கீழே என்ற அடுக்கு, நிரலில் அரே என்ற மதிப்புப் பட்டியலின் இட எண். பெரும்பாலான மொழிகளில் அரேயின் முதல் இடம் ஒன்று அல்ல, பூஜ்யம் என்பதை எல்லாரும் முதல் வாரத்திலேயே அடிபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இண்டெக்ஸ் இருக்கிறது, குவெரி அதைத் தொடவே இல்லை

பத்து வருடத்துக்கு முன் நான் ஒரு பார்சல் நிறுவனத்துக்காக நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு ஓர் அஞ்சல் குறியீடு. ஒவ்வொரு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கும் ஆறு இலக்கத்தில் அடங்கிவிடும். அதனால் ஓட்டுநர் புளோக்கின் கீழ் வந்து நின்று ஆறு இலக்கத்தைத் தட்டினால், அந்தப் புளோக்குக்கு வந்த பார்சல் எல்லாம் பட்டியலாக வர வேண்டும். டேபிளில் நாற்பது லட்சம் வரிசை (பதிவு). அஞ்சல் குறியீட்டை எழுத்து வகை ஃபீல்டாகத்தான் வைத்திருந்தேன், இண்டெக்ஸும் போட்டிருந்தேன். ஆனாலும் பட்டியல் வர ஒன்பது விநாடி ஆனது.

தீபாவளிக்கு முந்திய வாரம். ஒரு புளோக்குக்கு ஒன்பது விநாடி என்பது கேட்கச் சின்ன விஷயம். ஒரு நாளைக்கு நூறு முறை தட்டுகிற ஓட்டுநருக்குச் சின்ன விஷயமில்லை. ஒருவர் எனக்குத் தொலைபேசியில், "தம்பி, நான் மேலே போய் இறங்கி வந்துடறேன், உங்க லிஸ்ட் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு" என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

நான் என்ன செய்தேன்? இன்னொரு இண்டெக்ஸ் போட்டேன். அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஏழு. வேகம் கூடவில்லை, புதுப் பார்சல் பதிவாவதுதான் தாமதமானது, ஏனென்றால் ஒரு வரிசை சேரும்போது ஏழு இண்டெக்ஸையும் டேட்டாபேஸ் திருத்தி எழுத வேண்டும். பிறகு பெரிய சர்வர் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். கொடுத்தார். ஐந்து மாதம் அதற்காகக் காசைக் கொட்டினார்கள்.

கடைசியில் வேறு குழுவிலிருந்து வந்த ஓர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்டார்: "எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்தியா?" நான் பார்த்ததில்லை. குவெரிக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டினார்; குவெரியை எப்படி ஓட்டப்போகிறது, எந்தச் சாவியை, அதாவது இண்டெக்ஸை, பயன்படுத்தப்போகிறது என்று டேட்டாபேஸே சொல்லும். பயன்படுத்தக்கூடிய சாவிகள் என்ற இடத்தில் என் இண்டெக்ஸின் பெயர் இருந்தது. பயன்படுத்திய சாவி என்ற இடத்தில் வெறும் ‘நல்’ (NULL), அதாவது எதுவுமில்லை. வகை என்ற இடத்தில் ‘ஆல்’, அதாவது முழு டேபிளையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறது. எச்சரிக்கைகளைக் காட்டு என்று இன்னொரு கட்டளை கொடுத்தார். வகை மாற்றம் காரணமாக இந்த இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியவில்லை என்று எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் தெளிவாகவே எழுதியிருந்தது. ஐந்து மாதமும் அது சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கேட்க நான் போகவில்லை.

காரணம் இதுதான். ஃபீல்டு எழுத்து வகை. என் நிரலோ குறியீட்டை எண்ணாக மாற்றி, மேற்கோள் குறி இல்லாமல் அனுப்பியது. மரினா பே பக்கம் 018956 என்று ஒரு குறியீடு உண்டு. எண்ணாக மாறினால் அது 18956. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் இரண்டையும் எண்ணாக்கித்தான் ஒப்பிடும். இப்போது யோசித்துப் பாருங்கள்: எந்தெந்த எழுத்துக்கோவை எல்லாம் 18956 என்ற எண்ணாக மாறும்? ‘018956’ மாறும், ‘18956’ மாறும், முன்னால் இடைவெளி விட்டு எழுதியதும் மாறும், பின்னால் ஏதோ எழுத்து ஒட்டியதும் மாறும். இண்டெக்ஸோ எழுத்து வரிசைப்படி அடுக்கப்பட்டது. பூஜ்யத்தில் தொடங்குவது ஒரு மூலையில், ஒன்றில் தொடங்குவது இன்னொரு மூலையில். எங்கே போய்த் தேடுவது என்று சொல்ல வழியில்லாததால் டேட்டாபேஸ் நாற்பது லட்சத்தையும் ஒவ்வொன்றாக எண்ணாக்கிப் பார்த்தது.

இந்தத் தவறு மீது எனக்கு இன்னும் எரிச்சல் போகாததற்குக் காரணம், விடை சரியாகவே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. இருநூறு வரிசை உள்ள சோதனை டேபிளில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இதே குவெரியை எழுதினால், எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று உடனே திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கண்டிப்பு எவ்வளவு நல்லது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

மேற்கோள் குறி போட்டதும் ஒன்பது விநாடி காணாமல் போனது. சந்தோஷமாகத் தூங்கப் போனேன். மறுநாள் காலை மரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போன ஓட்டுநர்களுக்கெல்லாம் பட்டியல் காலி. ஏனென்றால் என் படிவம் முன்னாலிருந்த பூஜ்யத்தை ஏற்கெனவே தின்றுவிட்டது. ‘18956’ என்ற எழுத்துக்கோவை டேபிளில் எங்கும் இல்லை. பழைய தவறு இந்த இரண்டாவது தவறை இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தது. அதனால் தம்பிகளுக்கு நான் சொல்வது: அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், பார்சல் எண் இவை எண்கள் அல்ல, எண் உருவில் இருக்கும் பெயர்கள். கூட்டிக் கழிக்காத எதையும் படிவத்திலிருந்து டேபிள் வரைக்கும் எழுத்தாகவே கொண்டுபோங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. ஆர்டர் தேதி ஃபீல்டில் இண்டெக்ஸ் வைத்துவிட்டு, தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனைப் போட்டு 2023-க்குச் சமமா என்று கேட்பது. ஃபீல்டை ஃபங்ஷனுக்குள் திணித்தால் இண்டெக்ஸின் அடுக்கு உதவாது. 2023 ஜனவரி 1 முதல், 2024 ஜனவரி 1-க்கு முன்பு வரை என்று கேளுங்கள்.

கடைசி நாலு இலக்கத்தைத் தேடுவது

இந்த ஊரில் எங்கே போனாலும் தொலைபேசி எண்ணின் கடைசி நாலு இலக்கம்தான் கேட்பார்கள். உடனே பிள்ளைகள் அந்த நாலு இலக்கத்துக்கு முன்னால் விழுக்காட்டுக் குறி (அங்கே எதுவும் இருக்கலாம் என்று பொருள்) போட்டு ‘லைக்’ குவெரி எழுதிவிடுகிறார்கள். இண்டெக்ஸ் முதல் இலக்கத்திலிருந்து அடுக்கப்பட்டது. முதல் இலக்கம் தெரியாவிட்டால் முழு டேபிளும் படிக்க வேண்டியதுதான்.

புளோக்கின் கீழே இருக்கும் அஞ்சல் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாடி, பிறகு வீட்டு எண். எட்டாவது மாடி என்று சொன்னால் நேரே அங்கே போய்விடலாம். மாடி தெரியாது, 115-ஆம் வீடு என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு மாடி வரிசையிலும் தேட வேண்டும். இரண்டு ஃபீல்டு சேர்த்துப் போடும் இண்டெக்ஸும் அப்படித்தான். எது முதலில் வருகிறது என்பதுதான் விஷயம். கடைசி நாலு இலக்கத்தைத் தனி ஃபீல்டாக வைத்து அதற்கு இண்டெக்ஸ் போடுங்கள்.

எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ்

வேண்டாம். ஏழு போட்ட கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுளிலிருந்து மறைந்துவிடும் என்ற நம்பிக்கை

மறையாது. ரோபாட்ஸ் கோப்பு (robots.txt) என்பது தேடுபொறிகளுக்குத் தளம் வைக்கும் அறிவிப்பு; 1994-இல் தொடங்கிய வழக்கம். உள்ளே வந்து படிக்காதே என்று மட்டும்தான் அது சொல்லும். வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், கூகுள் படிக்காமலேயே முகவரியைத் தன் இண்டெக்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

மறைக்க வேண்டுமென்றால் பக்கத்துக்குள் நோஇண்டெக்ஸ் (இண்டெக்ஸில் சேர்க்காதே) என்ற குறிச்சொல் வேண்டும். இங்கேதான் பலர் இரண்டையும் சேர்த்துப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே எழுதி வைத்த குறிப்பை யார் படிப்பது? ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழைய குறுக்குவழியையும் கூகுள் 2019 செப்டம்பர் 1-இலிருந்து கண்டுகொள்வதில்லை.

சோதனைத் தளத்தில் போட்ட நோஇண்டெக்ஸை எடுக்க மறந்து உண்மைத் தளத்தைத் திறப்பது இதன் மறுபக்கம். திறக்கும் நாளின் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

இண்டெக்ஸ் பக்கம் இல்லாத ஃபோல்டர்

அப்பாச்சி என்ற வெப் சர்வரில் பட்டியல் காட்டும் வசதி திறந்திருந்து, ஃபோல்டரில் இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் இல்லையென்றால், உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாம் ஊருக்கே தெரியும். நேற்றைய பேக்கப்பும் சேர்த்து. காலிப் பக்கம் ஒன்றைப் போட்டுச் சமாளிக்காமல் அந்த வசதியையே மூடுங்கள்.

இசட்-இண்டெக்ஸ் 99999

சிஎஸ்எஸ்ஸில் ஒரு பெட்டியை மேலே கொண்டுவரப் போடும் எண் இது. தனக்கென்று ஓர் அடுக்கு உள்ள பெற்றோர்ப் பெட்டி கீழே இருந்தால், எத்தனை ஒன்பது போட்டாலும் அதற்குள் இருக்கும் பிள்ளைப் பெட்டி மேலே வராது.

தமிழ்ப் பெயரை இட எண்ணால் வெட்டுவது

இதை நம் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை என்பதால் சொல்கிறேன். ‘சிங்கப்பூர்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். கொம்பும் கொக்கியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி இடங்கள். பூஜ்யமாவது இடத்தை எடுத்தால் ‘சி’ வராது, ‘ச’ வரும். நாம் எழுத்து என்று எண்ணுவதை எண்ண Intl.Segmenter என்ற கருவி அதிலேயே இருக்கிறது.

ஒரு தமிழ்ப் பேச்சுப் போட்டிக்குச் சான்றிதழ் அச்சிடும் நிரலை எங்கள் குழுத் தங்கை ஒருத்தி எழுதினாள். அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக எடுக்க வேண்டும். மீனாட்சிசுந்தரத்தின் மகளுக்கு ‘மீ’ வரவில்லை, ‘ம’ வந்தது. செல்வத்தின் மகனுக்கு ‘ச’. பரிசு வாங்கிய ஒரு சின்னப் பெண் மேடையிலிருந்து இறங்கி நேரே எங்களிடம் வந்து, தன் சான்றிதழில் விரல் வைத்து, "அண்ணே, இது எங்க அப்பா இல்லை" என்றாள். அன்று இரவே நாற்பது சான்றிதழையும் மறுபடி அச்சடித்தோம்.