போலீஸ் பிஸ்டல்: தேய்மானத்தைத் தவறான இடத்தில் தேடாதீர்கள்

பணித் துப்பாக்கியின் நிலையை வெளிப்பூச்சைப் பார்த்து முடிவுசெய்வதுதான் முதல் தவறு. ஹோல்ஸ்டரில் (இடுப்பு உறையில்) தினமும் உரசி, மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகமான ஸ்லைடின் முனை வெளுத்துப்போகும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. பளபளவென்று இருக்கும் இன்னொரு பிஸ்டலில், ஸ்லைடைத் தாங்கித் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கலாம். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் போகும் வேகம் அடங்காது. ஒவ்வொரு சூட்டிலும் ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில்) பலமாக மோதும். திரும்பும்போதோ அடுத்த தோட்டாவை முழுதாக உள்ளே தள்ளத் தெம்பு இருக்காது. அமெரிக்கப் போலீஸ் துறைகள் பல, 1990இல் வந்த .40 (0.40 அங்குல) தோட்டாவுக்காக, க்ளாக் நிறுவனத்தின் க்ளாக் 22 பிஸ்டலை வாங்கின. 9 மி.மீ. தோட்டா போடும் க்ளாக் 17இன் அதே உடலளவு, உதை மட்டும் அதிகம்; ஸ்பிரிங் தாங்க வேண்டிய சுமையும் அதிகம். 2010இல் வந்த நான்காம் தலைமுறையில் க்ளாக் இரட்டை ஸ்பிரிங்குக்கு மாறியது. 2014இல் எஃப்பிஐ 9 மி.மீ.தான் மேல் என்று வாதிட்டபோது, துப்பாக்கி குறைவாகத் தேய்வதையும் ஒரு காரணமாகச் சொன்னது.

ஆகவே ஸ்பிரிங்கை இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்றுவது சரியல்ல. சூட்டுக்கணக்குதான் வேண்டும். பெரெட்டா 92, சிக் பி226 போன்ற பிஸ்டல்களுக்கு 5,000 சூடு என்பது பரவலான அளவு. துப்பாக்கி கைமாறும்போது அந்தக் கணக்கும் கூடவே போக வேண்டும். பயிற்சிக் களத்தில் ஆயிரக்கணக்கில் சுட்ட பிஸ்டலை விவரம் எதுவும் இல்லாமல் புதிய காவலரிடம் கொடுப்பது, என்னைக் கேட்டால், மன்னிக்க முடியாத அலட்சியம்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. பணி முடிந்ததும் சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறையை) காலி செய்து, மறுநாள் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் தோட்டாவின் நுனியிலுள்ள குண்டின் மூக்கு இடிபட்டு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக மருந்திருக்கும் கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிப்பழுத்தம் எகிறும்; .40இல் இது சேம்பரையே பிளக்கும் அளவுக்குப் போகலாம். அந்தத் தோட்டாவைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள், பயிற்சிக்குக்கூட வேண்டாம்.

எண்ணெயிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பி226 போன்ற அலுமினிய ஃபிரேமில் ஸ்லைடு ஓடும் தடத்தை வறண்டுபோக விட்டால் மேல்பூச்சு தேய்ந்து, மென்மையான அலுமினியம் அரிபட ஆரம்பிக்கும். க்ளாக்கில் தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் குழலிலோ ஒரு சொட்டுகூடக் கூடாது: எண்ணெய் அழுக்கைச் சேர்த்துப் பசையாகி, அடியின் வேகத்தைக் குறைக்கும். பிரைமர் (தோட்டாவின் பின்புறத்தில் தீமூட்டும் சிறு மருந்துக் குப்பி) வெடிக்காமல் போவதற்கு அதுவே போதும்.