மழையைப் பாட எடுக்கும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் நத்தார் கரோலைத் தாண்டி ஏதாவது செய்ய ஆசைப்படும் பாடகர் குழுக்களுக்கு எரிக் விட்டேக்கரின் ‘க்ளவுட்பர்ஸ்ட்’ (திடீர்ப் பெருமழை) என்ற பாட்டு நல்ல தெரிவு. அமெரிக்கரான அவர் 1990களின் தொடக்கத்தில், மாணவராக இருந்தபோதே எழுதியது. வரிகள் மெக்சிக்கோக் கவிஞர் ஒக்டாவியோ பாஸின் ஸ்பானியக் கவிதையிலிருந்து எடுத்தவை. பியானோ, கைமணி, தாளக் கருவிகளோடு சேர்ந்து, பாடுகிறவர்களே விரலால் சொடக்குப் போட்டு மழையின் ஓசையைக் கொண்டுவருவார்கள். யூடியூபில் பார்ப்பவர்களை மயக்குவது இந்தச் சொடக்குத்தான். தவறுகளும் அங்கேயே தொடங்குகின்றன.

நடத்துனரின் கையைப் பார்த்து நாற்பது பேர் ஒரே நேரத்தில் சொடக்கினால் அது கைதட்டல்தான், மழை இல்லை. ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம் ஒன்றில், இடி முழங்கத் தொடங்கியதும், வெள்ளவத்தையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நின்று கேளுங்கள். முதலில் இங்கொன்று, அங்கொன்று. அடுத்தது எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அப்புறம் துளிகள் பிரித்தறிய முடியாமல் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். ஆளுக்கு ஆள் வேகம் மாறினால்தான் அந்த இரைச்சல் வரும். பக்கத்தில் நிற்பவரோடு உங்கள் சொடக்கு ஒத்துப்போனால் உடனே விலகுங்கள். மழை ஓயும்போதும் ஒவ்வொருவராகத்தான் நிறுத்த வேண்டும். குழாயை மூடினாற்போல் நின்றால் கெட்டுப்போகும். பாட்டில்லாமல் இதை மட்டும் தனியாகப் பழகுவது நல்லது.

பாட்டுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொடக்க முடியாது. அந்தப் பகுதியை மனப்பாடமாக்கிவிடுங்கள். இன்னொன்று, கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த விரலில் சொடக்கு விழாது. எல்லாரிடமும் ஒரு கைக்குட்டை இருக்கட்டும்.

ஆனால் ஒத்திகை நேரமெல்லாம் மழைக்கே போய்விடுவதுதான் பெரிய தவறு. வரிகள் வறட்சியையும் எரிந்த மண்ணையும் பார்த்துப் பேசுகின்றன. அந்தத் தாகம் குரலில் கேட்காவிட்டால் பிறகு மழை பெய்து என்ன பயன்? இங்கே குரல்கள் பலவாகப் பிரிந்து, அடுத்தடுத்த சுரங்களை ஒன்றாகப் பிடித்து நிற்கும். உரசல் காதுக்கு உறுத்துகிறது என்று பக்கத்துச் சுரத்துக்கு நழுவிவிடாதீர்கள். அந்த உரசல்தான் வேண்டும். கர்நாடக சங்கீதம் பழகிய பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் அது பெரிய பலம், சுருதியை விடமாட்டார்கள். கமகத்தை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சுரம் அசைந்தால், ஒன்றாக நிற்கும் சுரக் கொத்து முழுவதும் கலங்கிவிடும். மூச்சையும் எல்லாரும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டாம். பக்கத்தவர் எடுத்து முடிந்த பிறகு நீங்கள் எடுங்கள்.

ஆங்கிலப் பாட்டே பாடிப் பழகிய குழுக்கள் ஸ்பானிய ‘ஓ’வை ‘ஓஉ’ என்று இழுக்கும். நம் ஓகாரத்தை அப்படியே போட்டால் சரி.

மண்டபத்து மின்விசிறிகளை, பாட்டுத் தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தொடக்கம் பின்வரிசைக்குக் கேட்காது. கடைசியாக, இது பதிப்புரிமை உள்ள படைப்பு. ஒரு பிரதியை வாங்கி எல்லாருக்கும் போட்டோ கொப்பி அடிக்காமல், ஆளுக்கொன்று வாங்குங்கள்.