பழைய ரோடு சைக்கிளா? சீட் போஸ்ட்டை உருவிப் பாருங்கள்

கையால் செய்த பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் மலிவாகக் கண்ணில் பட்டால், பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் விடுங்கள். சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் குழாயை) வெளியே எடுத்து, அதில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 27.2 மி.மீ. என்றிருந்தால் நல்ல ஃபிரேமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் எளிது. பெரும்பாலான பழைய ஃபிரேம்களில் சீட் டியூபின் (போஸ்ட் செருகும் ஃபிரேம் குழாயின்) வெளி விட்டம் 28.6 மி.மீ. சுவர் மெலிந்தால் உள்ளே இடம் கூடும், போஸ்ட்டும் பருமனாகும். ரெனால்ட்ஸ் 531, கொலம்பஸ் எஸ்.எல். போன்ற மெல்லிய டியூப்கள் 27.2 கேட்கும், கனத்த மலிவு டியூப்களில் 26-க்குக் கீழேகூடப் போகும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், டியூபின் சுவரை மாற்ற முடியாது!

பழைய பிரெஞ்சு ஃபிரேம்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவற்றின் டியூப் 28 மி.மீ. என்பதால் 26.4 இருந்தாலே நல்லதுதான். முன்பு வைத்திருந்தவர் தவறான போஸ்ட்டைச் செருகியிருக்கவும் கூடும். ஆடினாலோ நடுவில் தகடு சுற்றியிருந்தாலோ டியூபின் உள் விட்டத்தையே அளந்துவிடுங்கள். போஸ்ட் துருவேறி அசையவே இல்லையா? விலையை நன்றாகக் குறையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். அதை எடுப்பது பெரும்பாடு.

அப்புறம், ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழைய சைக்கிள் பாகங்களின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது வருடம் (ஏ என்றால் 1976, எச் என்றால் 1983), இரண்டாவது மாதம். 2002-இல் மறுபடி ஏ-யில் தொடங்கினார்கள். இது பாகத்தின் வயதுதான், ஃபிரேமின் வயது அல்ல.