சூடானால் நின்றுபோகும் புல்லட்: எங்கே தேடுவது?

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குக் கிளம்பிய வண்டி, ஒட்டன்சத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது தப்பிப் பிழைத்த ஒரு புளியமரத்தின் கீழ் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு ஒரே உதையில் கிளம்பியது. பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. அடுத்த மூன்று வாரங்களில் பிளக், பிளக் கேப், காயில் என்று வரிசையாக மாற்றினேன். எதிலும் குறை இல்லை. குற்றவாளி, அந்தப் பயணத்துக்கு முந்தைய வாரம் "எதற்கும் இருக்கட்டும்" என்று நானே கையால் மாட்டிய புதுக் கண்டென்சர்.

தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். வண்டிக்கு என்ன மாற்றினாலும் தேதி, கிலோமீட்டர், விலை மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பேன். எழுதினேனே தவிர, வண்டி நின்ற அன்று அதைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆகவே என் முதல் யோசனை: நல்ல வண்டி திடீரென்று இடக்கு செய்தால், கடைசியாக எதை மாற்றினோம் என்று பாருங்கள். கழற்றிய பழைய பாகம் கையில் இருந்தால் அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். இதற்காகவே பழையதை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

என்னுடையது 1994ஆம் ஆண்டு புல்லட் 350. பேட்டரி, பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயில், மின்சாரத்தை இணைத்து அறுக்கும் சி.பி. பாயிண்ட் (கான்டாக்ட் பிரேக்கர்), கண்டென்சர், பிளக். தீப்பொறிக்கு இவ்வளவுதான் சாமான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். பாயிண்ட் திறக்கும் நொடியில் அது அறுபட்டு பிளக்கில் பொறி விழும். அறுபடுவது சுத்தமாக நடக்கக் கண்டென்சர் வேண்டும். இல்லையென்றால் பிளக்கில் விழ வேண்டிய பொறி பாயிண்டிலேயே எரிந்து வீணாகும்.

வண்டி நின்றவுடன், சூடு ஆறுவதற்குள் முதலில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டியும் கிளம்பிவிட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். இதுவும் கொஞ்ச தூரம் போய் நிற்கும், ஓய்வெடுத்தால் கிளம்பும். கண்டென்சர் கோளாறு போலவே நடிக்கும். அது இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறிதான் இல்லை.

அடுத்தது, பேட்டரிக்கு மின்சாரம் போவதையும் வருவதையும் முள்ளால் காட்டும் அம்மீட்டர். பழைய புல்லட்காரர்களுக்குக் கிடைத்த இலவச வைத்தியர் அது. விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்பி, டீகம்ப்ரஸரை (எஞ்சினின் அழுத்தத்தை வெளியேற்றும் சின்ன நெம்புகோல்) பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் வரை முள் மைனஸ் பக்கம் மூன்று, நான்கு ஆம்பியரில் நிற்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், ஒயர் முனைகள், கரி பிடித்த பாயிண்ட் என்று தேடுங்கள். மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நடுவுக்கு வர மறுத்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்ட் ஒயரோ கண்டென்சரோ ஷார்ட் ஆகியிருக்கிறது. பார்த்து முடித்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடியபடி நின்றால் காயில் சும்மாவே வெந்துபோகும்.

முள் ஒழுங்காக ஆடியும் வண்டி கிளம்பவில்லையா? பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடல் சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து உதையுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். கேப்பைக் கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும். 'டிக் டிக்' என்று நீலப் பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல விழுந்தால் பாயிண்ட் மூடியைக் கழற்றி, நிழலில் வைத்து இன்னொருவரை உதைக்கச் சொல்லி உற்றுப் பாருங்கள். பாயிண்டில் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. ஒட்டன்சத்திரத்தில் வெயில் கண்ணைக் கூசியதால் நான் இதைப் பார்க்கத் தவறினேன். வீட்டில் ஒரு மாலை, வண்டியை நன்றாகச் சூடேற்றிப் பார்த்தபோதுதான் பாயிண்டில் சின்ன தீபாவளியே நடந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் நல்லவர். "புதியது எப்படிப் போகும் சார்?" என்று சிரித்தாலும் காசு வாங்காமல் வேறொன்று கொடுத்தார். அதே பெட்டியிலிருந்து எடுத்தது. அது நான்கு நாள் தாங்கியது.

கண்டென்சரை மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். மொட்டைமாடித் தகரத்தில் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் கிடத்தி மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் முழு நம்பிக்கை வேண்டாம். ஓடும் வண்டியில் பாயிண்ட் திறக்கும்போது கண்டென்சர் மீது சில நூறு வோல்ட் பாயும்; மல்டிமீட்டரோ சில வோல்ட்டில் சோதிக்கும் கருவி. என் இரண்டு கண்டென்சர்களும் மேசைமேல் பரீட்சையில் தேறியவைதாம்.

பாயிண்ட் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள். போலி தயாரிப்பவர்கள் பாகத்தைவிடப் பெட்டியை நன்றாகச் செய்கிறார்கள். பாகத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு முகங்களும் தட்டையாகப் பொருந்த வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தொட்டால் திருப்பிக் கொடுங்கள். பாயிண்டின் அசையும் கை ஊசலாடக் கூடாது, ரிவெட் அசையக் கூடாது. கேமை (சுழன்று பாயிண்டைத் திறக்கும் மேடான உருளை) உரசும் ஃபைபர் துண்டு மட்டமானது என்றால் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து இடைவெளி தானே குறைந்துவிடும். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாமல் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். புதுப் பாயிண்டின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு கிழித்து, பெட்ரோலில் நனைத்து நடுவில் விட்டு இழுத்தால் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் அதன் மணல் உள்ளே ஒட்டிக்கொள்ளும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும், அதையும் சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது அம்பாசடர் காரின் கண்டென்சர். கண்டென்சர் பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் (வண்டியின் இரும்பு உடல்) நடுவே இருந்தால் போதும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பழையதைக் கழற்றிவிட்டு, இதன் ஒயரைக் காயிலில் பாயிண்ட் ஒயர் வந்து சேரும் முனையில் கொடுத்து, உடலைப் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கினேன். எர்த் சரியில்லையென்றால் இவ்வளவு பாடும் வீண். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பைக்குக்குக் கார் சாமானா?" என்று கேலி செய்தார்.

பதிவேட்டின்படி அதை மாட்டி 11,000 கிலோமீட்டர் ஆகிறது. இன்னொன்று வாங்கிவைக்க வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. போன மாதம் மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை.