கல்லூரிக் கலைக்குழுவில் சேருமுன்: சில தப்புக் கணக்குகள்

‘பாட்டு கத்துக்கிட்டா மூளை வளரும், மார்க் கூடும்.’ கலைக்குழுவுக்கு ஆள் பிடிக்கும் சீனியர்கள் எடுத்துவிடும் முதல் வசனம் இதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். இருப்பதிலேயே பெரிய தவறு இது என்பதால் இங்கிருந்தே தொடங்கலாம்.

இந்த நம்பிக்கை பரவியதில் 1993இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் பியானோ இசையை 10 நிமிடம் போட்டுக்காட்டினார்கள். பிறகு, காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். ஐக்யூ கணக்கில் 8, 9 புள்ளி கூடியிருந்தது. ஆனால் அந்த ஏற்றம் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறது. அதை யார் படித்தார்கள்? 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாண ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. துள்ளலான எந்த இசையைக் கேட்டாலும் மனசு சுறுசுறுப்பாகும், அந்தச் சுறுசுறுப்புதான் புதிரைப் போட உதவியது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதோடு, அந்த மாணவர்கள் இசையைக் கேட்டவர்கள்தான், வாசித்தவர்கள் இல்லை.

சரி, கலையில் இருக்கும் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதை நாமே பார்க்கிறோமே என்று கேட்கலாம். எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1950க்குப் பிறகு வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000இல் அலசினார்கள். கலையும் மதிப்பெண்ணும் சேர்ந்து வருவது உண்மை. ஆனால் கலையால்தான் மதிப்பெண் வந்தது என்று பொதுவாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. எதையும் ஆர்வமாகச் செய்கிற பிள்ளை இரண்டையும் செய்திருக்கலாம் இல்லையா? சல்லடையில் தங்கிய சிலவற்றில் ஒன்று நாடகம்: கதையை நடித்துப் பார்ப்பது மொழித்திறனை வளர்க்கிறது. மார்க்குக்காகச் சேர்ந்தவர் முதல் இன்டர்னல் முடிவு வந்ததும் காணாமல் போவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

‘எனக்கு வரையவே வராது’ என்று ஒதுங்குவது அடுத்த தவறு. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் என்று கைக்கு வந்ததைச் செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் ஹார்மோன் குறைந்தது. முன்பே வரைந்து பழகியவருக்கும் புதியவருக்கும் அதில் பெரிய வித்தியாசமில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது. ஆனாலும் திறமை வந்த பிறகு சேரலாம் என்று காத்திருப்பவருக்கு இது போதும்.

மூன்று வாரம் போய்விட்டு ‘யாரும் ஒட்டவில்லை’ என்று நின்றுவிடுகிறார்கள். இங்கே அவசரப்படக் கூடாது. பாட்டு வகுப்பில் சேர்ந்த பெரியவர்களையும், கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் 7 மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. பாடியவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். ஓவியக் குழுவில் சேர்ந்துவிட்டு, கோரஸ் பாடுகிறவர்கள் மாதிரி ஒரே வாரத்தில் தோளில் கைபோட எதிர்பார்த்தால் எப்படி?

மேடையில் நிற்பது மட்டும்தான் கலை என்று நினைப்பதும் உண்டு. எங்கள் நாடகத்தில் ஒரு முதலாண்டுப் பையனுக்குத் திரை இழுக்கிற வேலை. கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, எல்லாருடைய வசனத்தையும் உதட்டுக்குள்ளேயே சொல்லியபடி நிற்பான். முதல் சில ஒத்திகைகளில் கடைசி வார்த்தை முடிந்த பிறகு இழுத்தான், திரை தாமதமாகவே விழுந்தது. அப்புறம், கடைசி வசனத்துக்கு முன்னால் நடிகர் மூச்சு இழுத்து நிறுத்துவதைக் கவனித்துவிட்டான். அந்த மூச்சிலேயே கயிறு விறைத்துவிடும், திரை சரியாக வந்து நிற்கும். இன்னொரு ஆளை அவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்க எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சான்றிதழ் பட்டியலில் அவன் பெயர் விட்டுப்போனது. அவன் கேட்கவும் இல்லை.

சான்றிதழ் என்றதும் நினைவுக்கு வருவது, 1973இல் சிறு குழந்தைகளிடம் செய்த ஒரு பரிசோதனை. வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பரிசு கைக்கு வந்த பிறகு, தாமாக வரையும் நேரம் அவர்களிடம் குறைந்துபோனது. எதுவும் சொல்லாமல் திடீரென்று பரிசு தந்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. போட்டி போட்டியாக ஓடிக் கோப்பை சேர்க்கும் குழுக்கள் இறுதியாண்டோடு வாத்தியத்தைப் பரணில் போட்டுவிடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்பது என் சந்தேகம்.

உண்மையிலேயே மனம் உடைந்திருக்கும் நண்பரிடம் ‘டான்ஸ்ல சேரு, சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கலை துணைக்கு நிற்கும். ஆனால் தூக்கமே வராமல், சாப்பிடப் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருப்பவரைக் கவுன்சிலரிடமோ மருத்துவரிடமோ கூட்டிப்போக வேண்டும். ஒத்திகைக்கு வேண்டுமானால் அதன் பிறகு போகலாம்.

விழா நெருங்கும்போது நடனம், நாடகம், இசை என்று மூன்றுக்கும் தலையாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரவு இரண்டு மணி ஒத்திகை மறுநாள் லேபில் தெரிந்துவிடும். தேர்வு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோவது இதற்கு நேர் எதிர்த் தவறு. ‘இந்த மாசம் நடிக்க முடியாது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்து வசனப் புத்தகம் பிடிக்கிறேன்’ என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டால் போதும், குழு விட்டுப்போகாது.