ஃபுட்போல் டோர்னமென்ட்டுக்கு ஆறு கிழமைக்கு முன்னால பொடியன்கள எப்பிடி ரெடி பண்ணுற

நம்மட பக்கம் டோர்னமென்ட் ஒண்டு வருதெண்டா மட்டக்களப்புக் கல்லடி பீச்சுக்குக் கூட்டிட்டுப் போய் மணலுக்குள்ள ஒரு மணித்தியாலம் ஓட விடுறதுதான் பயிற்சி எண்டு நினைக்கிற ஆக்கள் இன்னும் இரிக்காங்க. ஆனா மெச்சுல ஒருத்தனும் ஒரே வேகத்துல அப்பிடி ஓடுறல்ல. 90 நிமிஷத்துல ஒரு ஆள் 10, 12 கிலோமீட்டர் போவான், அதுல கூடப்பங்கு நடையும் மெதுவான ஓட்டமும்தான், மெச்ச முடிவு செய்யிறது அந்த ரெண்டு மூணு செக்கன் பாய்ச்சல், பாய்ஞ்சிட்டு எவ்வளவு கெதியா மூச்சுத் திரும்பி மறுகாவும் பாயலாம் எண்டதுதான்.

தேசிய டீம்காரன் பாடுபடுறதும் இதுக்குத்தான். 2002ல தென் கொரியாவுக்கு ஹிடிங்க் கோச்சா இருக்கக்குள்ள ஃபிட்னஸ் பாத்த ஆக்கள்ல ஒருத்தர் வெர்ஹைஜென். 2001ல பிரான்சிட்டயும் செக் குடியரசிட்டயும் 5-0 எண்டு வாங்கி, சனம் ஹிடிங்குக்கு 'அஞ்சுக்குப் பூச்சியம்' எண்டே பட்டம் வெச்சிட்டு. அடுத்த வருஷம் அதே டீம் இத்தாலிக்கு 117ஆவது நிமிஷத்துல கோல் அடிச்சு வீட்ட அனுப்பி, நாலு நாள்ல ஸ்பெயினோட திரும்பவும் 120 நிமிஷம் நிண்டு பெனால்டில வெண்டது. அதனால பயிற்சி உச்சத்துல இருக்கிற நேரம் ஃப்ரெண்ட்லி மெச்சுல தோத்தா கமிட்டிக்காரர் கத்துவாங்க, கத்தட்டும்.

முதல் நாள் யோயோ டெஸ்ட் எடுங்க, பாய்ஞ்சு மூச்சு வாங்கி மறுகா எவ்வளவு ஓடுறான் எண்டு பாக்கிற டெஸ்ட். டேப் இல்லாட்டி நைலோன் கயித்துல 20 மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டா சரி. ரெண்டு கோடு 20 மீட்டர் இடைவெளில, தொடங்கிற கோட்டுக்குப் பின்னால இன்னும் 5 மீட்டர்ல ஒரு கோன். ஃபோன்ல அந்த டெஸ்டுக்கான பீப் சத்தத்த டவுன்லோட் பண்ணி ஸ்பீக்கர்ல போடுங்க, பீப்புக்கு ஓடி, அடுத்த பீப்புக்கு அங்க கோட்டத் தொட்டுக் கிறுகி, அதுக்கடுத்த பீப்புக்குள்ள திரும்பி வந்திரணும், மறுகா 10 செக்கன் அந்தக் கோனச் சுத்தி நடக்கலாம். ரெண்டு தரம் பிந்தினா அவுட். கள்ளம் பண்ணுறவன் கோட்டுக்கு ஒரு அடி முன்னாலயே கிறுகுவான், அதனால ரெண்டு பக்கமும் ஆள் நிப்பாட்டுங்க. ஒவ்வொருத்தனும் எத்தின தரம் ஓடினான் எண்டு எழுதி வெச்சு நாலாம் கிழமை திரும்ப எடுங்க.

மத்தது எல்லாம் பந்தோடதான். முதல் ரெண்டு கிழமை 11க்கு 11, இல்லாட்டி 8க்கு 8, நீளமான ஆட்டம். அடுத்த ரெண்டு கிழமை 7க்கு 7, 5க்கு 5. கடைசி ரெண்டும் 4க்கு 4, 3க்கு 3, ஒவ்வொண்டும் ரெண்டு மூணு நிமிஷந்தான், ஆனா உயிரக் குடுத்து ஆடணும், இடையில நல்லா ஓய்வு குடுங்க. களைச்சுப் போனவன ஸ்பிரிண்ட் அடிக்க விட்டா பின் தொடை இழுத்திரும், அவன்ட டோர்னமென்ட் அதோட சரி.

வோர்ம் அப்புக்கு ஃபிஃபா 11+ இருக்கு, 20 நிமிஷம், காசில்ல. அதுல ஒருத்தன் முழங்கால்ல நிக்க மத்தவன் கணுக்காலப் பிடிச்சிருக்க, உடம்ப நேரா வெச்சு மெல்ல மெல்ல முன்னால சாயிறது ஒண்டு வரும். முதல் தரம் எல்லாரும் பொத்தெண்டு விழுவாங்க, அடுத்த நாள் நோகும், விட்டுராதீங்க.

வெயில் விஷயம். கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மாசங்கள்ல பின்னேரம் மூணரைக்கு மெச் எண்டா, காலம ஆறு மணிப் பயிற்சி மட்டும் காணாது. உடம்பு சூட்டுக்குப் பழக 10 தொடக்கம் 14 நாள் எடுக்கும், மெச் நேரத்துலயே கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிப் பழக்குங்க. பயிற்சிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நிறுத்துப் பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லீட்டர் வேர்வை போயிருக்கு, அதுக்கு ஒண்டரை லீட்டர் மெல்ல மெல்லக் குடிக்கணும், செவ்விளநீரோ ஜீவனியோ (தண்ணில கரைக்கிற உப்புச் சீனித் தூள்) சேத்துக்கங்க. 2026 உலகக் கிண்ணத்துக்கே ஒவ்வொரு பாதிலயும் 3 நிமிஷம் தண்ணி இடைவேளை எண்டு ஃபிஃபா முடிவெடுத்தது, நம்மட ரெஃபரியோடயும் முதலே கதைச்சு வைங்க.

கடைசிப் பத்து நாள்தான் கஷ்டம், ஏனெண்டா அப்பதான் எல்லாருக்கும் பயம் வந்து கூட ஓட விடுவாங்க. நேரத்தப் பாதியாக் குறைங்க, வேகத்தக் குறைக்காதீங்க. மெச் அண்டைக்கு மூணு மணித்தியாலத்துக்கு முதல் சோறும் மீனும், தேங்காப்பால் கறி வேணாம். புது பூட்ஸ் வாங்கினவன் இருந்தா அத வீட்ட வெச்சிட்டு வரச் சொல்லுங்க. பெஞ்ச்ல இருந்த பொடியன்கள மெச் முடிஞ்ச கையோட கிரவுண்ட்லயே பத்துப் பன்னிரண்டு ஸ்பிரிண்ட் அடிக்க வைங்க, இல்லாட்டி செமி ஃபைனல்ல இறக்கக்குள்ள ஓட மாட்டான்.